82000-க்கு அடுத்த எண் எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 2, 3, 4, 82000 என்று ஒரு தொடர்வரிசை நான்கே எண்களோடு நின்றுவிடுகிறது. அடுத்த எண் எது? கணினிகள் இவ்வளவு வளர்ந்த பிறகும் அதை ஏன் யாரும் சொல்லவில்லை? "அப்படி ஓர் எண்ணே இல்லை" என்று சிலர் அடித்துச் சொல்வது எந்த ஆதாரத்தில்? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: தேடியும் கிடைக்காத எண்ணை இல்லாத எண் என்று எப்போது சொல்லலாம்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த எண்ணை யாரும் காட்டவில்லை. அது இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் நான் "இல்லை" என்பதன் மேல்தான் கட்டுவேன். அந்தப் பந்தயத்துக்கான காரணங்களில் எது கெட்டியானது, எது வெறும் கணிப்பு என்று பிரித்துக் காட்ட முயல்கிறேன். கல்லூரியில் நெடுங்காலம் எண்ணியல் நடத்தியவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன். இதன் மேல்தளத்து ஆய்வு என் துறை அல்ல. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் விதி. ஓர் எண்ணை 2 முதல் n வரையுள்ள எல்லா அடிமானங்களிலும் எழுதிப் பார்க்க வேண்டும். (நாம் வழக்கமாக எழுதுவது 10 அடிமானம்: இடமதிப்புகள் 1, 10, 100. 3 அடிமானத்தில் அவை 1, 3, 9, 27 என்று போகும்.) எதிலும் 0, 1 தவிர வேறு இலக்கம் வரக்கூடாது. 0, 1 ஆகிய எண்கள் எந்த அடிமானத்திலும் தேறிவிடும். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, 1-ஐ விடப் பெரிய எண்களில் மிகச் சிறியது எது என்று கேட்கிறோம். அடிமானம் 2 மட்டும் என்றால் விடை 2. 3 வரை என்றால் விடை 3. அது 2 அடிமானத்தில் 11, 3 அடிமானத்தில் 10. 4 வரை என்றால் விடை 4. முறையே 100, 11, 10. 5 வரை என்றதும் ஒரே தாவலில் 82000. அதை 2 அடிமானத்தில் எழுதினால் 10100000001010000, 3 அடிமானத்தில் 11011111001, 4 அடிமானத்தில் 110001100, 5 அடிமானத்தில் 10111000. 6 அடிமானத்தில் அதுவே 1431344 ஆகிவிடுகிறது. அங்கே கதை முடிந்தது. 2 அடிமானத்தில் 0, 1 தவிர வேறு இலக்கமே கிடையாது என்பதால் அந்த நிபந்தனை எதையும் தடுப்பதில்லை. உண்மையில் வேலை செய்பவை 3, 4, 5 ஆகிய மூன்று அடிமானங்கள்தான். 3, 4, 5 மூன்றிலும் தேறும் எண்களாக இதுவரை தெரிந்தவை 0, 1, 82000 மட்டுமே. உங்கள் தொடர்வரிசையின் அடுத்த உறுப்பு 6 அடிமானத்திலும் தேற வேண்டும்; ஆனால் அதற்கு முன்பே, 6-ஐத் தொடாமலேயே, வழி அடைபட்டு நிற்கிறது.

ஒரே ஓர் அடிமானம் என்றால் இந்த வகைத் தொடர்வரிசைகள் மிகவும் சாதுவானவை. 3 அடிமானத்தில் 0, 1 மட்டும் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 0, 1, 3, 4, 9, 10, 12, 13, 27, 28, 30, 31, 36, 37 என்று போகும். இதன் 100-ஆவது உறுப்பு வேண்டுமா? (0-வை பூச்சியமாவது உறுப்பாக வைத்துக்கொள்வோம்.) 100-ஐ 2 அடிமானத்தில் எழுதினால் 1100100; அதையே 3 அடிமான எண்ணாக வாசித்தால் 729 + 243 + 9 = 981. விடை அதுதான். தேடல் எதுவும் வேண்டாம்.

இந்த எண்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு. இவற்றில் எந்த மூன்றும் கூட்டுத் தொடர்வரிசையில் அமையாது. நிரூபணம் நான்கு வரிதான். a, m, b மூன்றும் இந்தத் தொகுதியில் இருந்து, m நடு எண் என்றால், a + b = 2m. m-இன் இலக்கங்கள் 0, 1 மட்டுமே என்பதால் 2m-இன் இலக்கங்கள் 0, 2 மட்டுமே. a-யையும் b-யையும் கூட்டும்போது எந்த இடத்திலும் மீறி அடுத்த இடத்துக்குப் போகாது. ஒவ்வோர் இடத்திலும் 0, 1 அல்லது 2 வரும். 1 வரக்கூடாது என்றால் ஒவ்வோர் இடத்திலும் a-யின் இலக்கமும் b-யின் இலக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே a, b இரண்டும் ஒரே எண். இன்னொரு பக்கம், 0, 1 என்று தொடங்கி, கூட்டுத் தொடர்வரிசை உண்டாகாத மிகச் சிறிய எண்ணை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டே போனாலும் இதே எண்கள்தான் வரிசையாக வரும். மாணவர்களிடம் இரண்டையும் தனித்தனியே செய்யச் சொல்லிவிட்டு, இரண்டு பட்டியலும் ஒன்றுதான் என்று அவர்களே கண்டுபிடிக்கக் காத்திருப்பேன்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எர்டிஷ், டூரான் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் 1936-இல் எழுதிய கட்டுரையில் செக்கரெஷ் என்ற இன்னொரு கணிதவியலாளரின் ஊகம் ஒன்று வருகிறது: மூன்று எண் கூட்டுத் தொடர்வரிசை இல்லாமல் எண்களைப் பொறுக்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது அதன் சாரம். முதல் 14 எண்களில் 8-ஐத்தான் பொறுக்க முடியும், முதல் 41-இல் 16-ஐத்தான். 3 அடிமானம் தரும் அளவும் சரியாக அதுவே. சிறிய எண்களைப் பார்த்தவர்கள் யாரும் ஊகத்தைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். 1942-இல் சேலம், ஸ்பென்சர் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் அது தவறு என்று காட்டினார்கள். எண்கள் மிகப் பெரிதாகும்போது இதைவிட மிக அடர்த்தியாகப் பொறுக்க முடிகிறது. இலக்க அமைப்புகளைப் பற்றி "பார்த்த வரை சரி" என்று யாராவது சொன்னால் நான் சற்றுத் தயங்குவது இதனால்தான். உங்கள் கேள்விக்கும் அந்தத் தயக்கம் தேவை.

இப்போது அடிமானங்களைச் சேர்ப்போம். 3, 4 இரண்டிலும் தேறும் எண்கள்: 0, 1, 4, 81, 84, 85, 256 என்று தொடங்குகின்றன. 4-க்கும் 81-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அடிமானத்தையும் ஒரு சல்லடையாக நினைத்தால், அது எவ்வளவு சலித்துத் தள்ளுகிறது என்று கணக்கிடலாம். 3 அடிமானத்தில் k இடங்களில் எழுதக்கூடிய எண்கள் 3-இன் k-ஆம் அடுக்கு. தேறுபவை 2-இன் k-ஆம் அடுக்கு. ஆக, N வரையுள்ள எண்களில் தேறுபவை ஏறத்தாழ N-இன் 0.63-ஆம் அடுக்கு. 4 அடிமானத்தில் 0.50-ஆம் அடுக்கு, 5 அடிமானத்தில் 0.43-ஆம் அடுக்கு. முழு அடுக்கான 1-இலிருந்து இந்தச் சல்லடைகள் முறையே 0.37, 0.50, 0.57 குறைக்கின்றன. சல்லடைகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், இழப்புகளைக் கூட்டிக் கழித்தால் போதும். 3, 4 இரண்டுக்கும் 0.13 மிஞ்சுகிறது. அது நேர் எண். எனவே தேறும் எண்கள் மெதுவாக, ஆனால் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 3, 4, 5 மூன்றையும் சேர்த்தால் மிஞ்சுவது −0.44. அடுக்கு எதிர்மறையானால் எதிர்பார்ப்பு தலைகீழாகிறது: N பெரிதாக ஆக, அதற்கு மேல் ஒன்றாவது தேறும் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போய்ப் பூச்சியத்தை நெருங்கும். 82000-இன் −0.44-ஆம் அடுக்கு 0.007 அளவில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் 82000 என்ற எண்ணே கிடைத்திருக்கக் கூடாது. அது ஒரு அதிர்ஷ்டம். 6 அடிமானத்தையும் சேர்த்தால் அடுக்கு −1.05-க்கு இறங்கிவிடுகிறது.

"இல்லை" என்று அடித்துச் சொல்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணிப்புதான். கணிப்பு நல்லதுதான், ஆனால் அது இலக்கங்களை நாணயம் சுண்டி எழுதியவையாகப் பாவிக்கிறது. எண்ணின் இலக்கங்கள் அப்படி எழுதப்பட்டவை அல்ல. ஓர் எண்ணை 3 அடிமானத்தில் எழுதிய கணமே அதன் 4, 5 அடிமான இலக்கங்கள் எல்லாம் தீர்மானமாகிவிடுகின்றன. அவற்றுக்கிடையே நமக்குத் தெரியாத சதி ஏதும் இல்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் கணிப்பு நிற்கிறது.

அடுத்தது தேடல். ஒன்று, இரண்டு என்று ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கும் நிரல் எழுதினால் கணினியின் ஆயுள் போதாது. ஆனால் இந்தத் தேடலில் பெரும் பகுதியைக் காகிதத்திலேயே செய்துவிடலாம். செய்து பார்க்காதவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 5 அடிமானத்தில் 0, 1 மட்டும் கொண்ட ஓர் எண்ணின் முதல் இலக்கம் 5-இன் ஏதோ ஓர் அடுக்கின் இடத்தில் இருக்கும். பின்னால் வரும் இலக்கங்கள் எல்லாம் 1 ஆனாலும் எண் அந்த அடுக்கின் 1.25 மடங்கைத் தாண்டாது. ஆகவே தேறும் எண்கள் எல்லாம் 5-இன் அடுக்குகளை ஒட்டிய ஒடுக்கமான இடைவெளிகளுக்குள் மட்டுமே இருக்க முடியும். 4 அடிமானத்தில் அந்த எல்லை 1.33 மடங்கு, 3 அடிமானத்தில் 1.5 மடங்கு. மூன்று இடைவெளிகளும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் மேற்கொண்டு பார்ப்பதில் பொருள் உண்டு.

82000 இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். 5-இன் 7-ஆம் அடுக்கு 78,125. இடைவெளி 78,125 முதல் 97,656 வரை. 4-இன் 8-ஆம் அடுக்கு 65,536. அதன் இடைவெளி 87,381-இல் முடிகிறது. 3-இன் 10-ஆம் அடுக்கு 59,049. அது 88,573-இல் முடிகிறது. ஆகவே 78,125 முதல் 87,381 வரை மட்டும் பார்த்தால் போதும். 4 அடிமானத்தில் இரண்டாவது இலக்கம் 0 என்றால் எண் 70,997-ஐத் தாண்டாது. எனவே அது 1. உடனே கீழ் எல்லை 81,920-க்கு உயர்கிறது. 5 அடிமானத்தில் இரண்டாவது இலக்கம் 1 என்றால் எண் 93,750-ஐத் தொட்டுவிடும். எனவே அது 0. மேல் எல்லை 82,031-க்கு இறங்குகிறது. இதே போக்கில் 5 அடிமானத்தின் அடுத்த இலக்கங்களும் ஒவ்வொன்றாகத் தாமாகவே நிலைபெற்று, கடைசியில் மிஞ்சுபவை எட்டே எண்கள்: 82000, 82001, 82005, 82006, 82025, 82026, 82030, 82031. இவற்றில் 4 அடிமானத்தில் தேறுபவை முதல் மூன்று மட்டும். 82001-உம் 82005-உம் 3 அடிமானத்தில் 2 என்ற இலக்கத்தில் தடுக்கி விழுகின்றன. 82000 தனியே நிற்கிறது. ஆயிரக்கணக்கான எண்களைச் சோதித்துக் கண்டெடுத்தது போலத் தோன்றும் விடை, பத்து நிமிடக் கணக்கில் தானே வந்து நிற்பதைப் பாருங்கள்.

மேலே போவோம். 5-இன் 8-ஆம் அடுக்கு முதல் 19-ஆம் அடுக்கு வரை பன்னிரண்டு இடைவெளிகள். அவற்றில் எட்டு, 4-இன் எந்த இடைவெளியையும் தொடுவதே இல்லை. உதாரணமாக 8-ஆம் அடுக்கின் இடைவெளி 3,90,625-இல் தொடங்குகிறது, 4-இன் 9-ஆம் அடுக்கின் இடைவெளி 3,49,525-இலேயே முடிந்துவிடுகிறது, அடுத்தது 10,48,576-இல்தான் தொடங்குகிறது. தொடுபவை 12, 13, 18, 19 ஆகிய நான்கு அடுக்குகள். 12-ஐயும் 18-ஐயும் 3 அடிமானம் தள்ளிவிடுகிறது. 13-இல், அதாவது 122 கோடியை ஒட்டிய பகுதியில், மூன்றும் சந்திக்கின்றன. ஆனால் 5 அடிமானத்தில் இரண்டாவது இலக்கம் 0 என்று தெரிந்தவுடன் 4 அடிமானத்தின் இரண்டாவது இலக்கத்துக்கு 0-உம் பொருந்தவில்லை, 1-உம் பொருந்தவில்லை. 19-இல் இன்னும் கொஞ்சம் போராட வேண்டியிருக்கிறது, 22.88 லட்சம் கோடிக்கும் 23.46 லட்சம் கோடிக்கும் நடுவே ஒரு சந்திப்பு இருக்கிறது. அதுவும் 5 அடிமானத்தின் மூன்றாவது இலக்கத்தில் உடைந்துவிடுகிறது. ஆக, 82000-க்கு மேல் 95 லட்சம் கோடி வரை ஒன்றும் இல்லை என்பது கணிப்பு அல்ல, கணினியின் துணைகூட வேண்டாத நிரூபணம். இதே உத்தியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தால் அது கற்பனைக்கு எட்டாத தொலைவு வரை ஓடும். ஆனால் எவ்வளவு தூரம் ஓடினாலும் அதற்கு அப்பால் முடிவிலி மிச்சமிருக்கிறது. செக்கரெஷின் ஊகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு எளிதாகத் தள்ள முடிகிறது என்றால் எல்லா எண்களையும் ஒரேயடியாகத் தள்ளும் நிரூபணம் ஏன் இல்லை? எண்ணின் இரு முனைகளைப் பற்றி மட்டுமே நமக்கு நன்றாகத் தெரியும் என்பதே காரணம். வால் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5 மூன்றுக்கும் ஒன்றோடொன்று பொதுக்காரணி இல்லை. சீன மீதித் தேற்றப்படி, 3 அடிமானத்தின் கடைசி k இலக்கங்களையும், 4-இன் கடைசி k இலக்கங்களையும், 5-இன் கடைசி k இலக்கங்களையும் நம் விருப்பம் போலத் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். மூன்றுக்கும் பொருந்தும் எண் உண்டு. கடைசிப் பத்து லட்சம் இலக்கங்கள் மூன்று அடிமானத்திலும் 0, 1 மட்டுமாக இருக்கும் எண்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கின்றன. ஆகவே வாலைப் பார்த்து முரண்பாடு கண்டுபிடிக்கவே முடியாது. தலை முனை மடக்கைகளின் விவகாரம். 3, 4, 5-இன் அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்கும் இடங்கள் எப்போது வரும் என்பதை அது சொல்லும். அத்தகைய இடங்கள் தீர்ந்துபோவதே இல்லை. மீதமிருப்பது நடு. ஓர் எண்ணின் நடு இலக்கங்கள் இரண்டு வெவ்வேறு அடிமானங்களில் எப்படித் தொடர்புபடுகின்றன என்பதற்கு இன்றுவரை நல்ல கருவி இல்லை. இந்தத் துறையின் தலைவலி முழுவதும் அந்த நடுவில்தான் இருக்கிறது.

அந்தத் தலைவலியை இன்னும் எளிய உடையில் பார்க்க வேண்டுமானால் 2-இன் அடுக்குகளை 3 அடிமானத்தில் எழுதுங்கள். 1 என்பது 1. 4 என்பது 11. 256 என்பது 100111. இந்த மூன்றையும் தவிர, 2-இன் வேறு எந்த அடுக்கும் 3 அடிமானத்தில் 2 என்ற இலக்கம் இல்லாமல் வராது என்பது எர்டிஷின் ஊகம். ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் 2-இல் முடிவதால் உடனே கழிந்துவிடும். மற்றவற்றின் கடைசி j இலக்கங்களைப் பார்த்தால், 2-இன் அடுக்குகள் 3-ஆல் வகுபடாத எல்லா மீதிகளையும் ஒரு சுற்றில் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. 8 இலக்கங்களுக்கு ஒரு சுற்றில் 4374 அடுக்குகள். அவற்றில் கடைசி 8 இலக்கங்களில் 2 இல்லாதவை சரியாக 128. இப்படிச் சலித்துத்தான் ஹன்ஸ்ராஜ் குப்தா 1978-இல் 4373-ஆம் அடுக்கு வரை ஊகத்தைச் சரிபார்த்தார். இதே வாதம் X வரையுள்ள அடுக்குகளில் விதிவிலக்குகள் X-இன் 0.63-ஆம் அடுக்குக்கு மேல் போகாது என்றும் தருகிறது. நார்கீவிச் 1980-இல் பதிப்பித்த முடிவு அந்த வகையைச் சேர்ந்தது. 2022-இல் ராபர்ட் சே கணினி கொண்டு இந்தச் சோதனையை ஏறத்தாழ 5.9-ஐ 10-இன் 21-ஆம் அடுக்கால் பெருக்கிய எல்லை வரை கொண்டுபோனார். அது எண்ணின் அளவு அல்ல, அடுக்கின் அளவு என்பதைக் கவனியுங்கள். 1, 4, 256 தவிர ஒன்றும் அகப்படவில்லை. நிரூபணமும் அகப்படவில்லை.

கணிப்பு மறு திசையில் சாயும் இடமும் உண்டு. 2n பொருள்களிலிருந்து n பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையான நடு ஈருறுப்புக் கெழு, 3, 5, 7 மூன்றாலும் வகுபடாமல் இருப்பது எப்போது? கும்மர் 1852-இல் தந்த தேற்றப்படி, n-ஐயும் n-ஐயும் அந்தப் பகா எண்ணின் அடிமானத்தில் கூட்டும்போது ஓர் இடத்திலும் மீறக்கூடாது. அதாவது n-இன் இலக்கங்கள் 3 அடிமானத்தில் 1-ஐயும், 5-இல் 2-ஐயும், 7-இல் 3-ஐயும் தாண்டக்கூடாது. தேறும் எண்கள் 0, 1, 10, 756, 757, 3160 என்று தொடங்குகின்றன. 756-ஐச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 3-இல் 1001000, 5-இல் 11011, 7-இல் 2130. இங்கே சல்லடைக் கணக்கு போட்டால் மிஞ்சும் அடுக்கு +0.026. மயிரிழை அளவில் நேர் எண். எனவே இத்தகைய எண்கள் முடிவில்லாமல் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ரொனால்ட் கிரஹாம் இதற்கு 1000 டாலர் பரிசு அறிவித்திருந்தார். எர்டிஷ், கிரஹாம், ரூஷா, ஸ்ட்ராஸ் நால்வரும் 1975-இல் ஒற்றைப்படைப் பகா எண்கள் எந்த இரண்டை எடுத்தாலும் இது உண்மை என்று நிரூபித்துவிட்டார்கள். மூன்று என்றதும் வண்டி நின்றுவிட்டது. 11-ஐயும் சேர்த்தால் அடுக்கு எதிர்மறையாகிறது. அங்கே 3160-தான் கடைசி எண் என்பது ஊகம். ஒன்றில் முடிவில்லாமல் வரும் என்று நம்புகிறோம், இன்னொன்றில் வராது என்று நம்புகிறோம். இரண்டையும் நிரூபிக்கும் வழி இல்லை.

82000-ஐப் பற்றி உண்மையிலேயே நிரூபிக்கப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட் பரெல், ஹான் யூ ஆகியோர், 3, 4, 5 மூன்றிலும் தேறும் எண்கள் N வரை எத்தனை இருந்தாலும் அந்த எண்ணிக்கை N-இன் எந்தச் சிறிய நேர் அடுக்கையும்விட மெதுவாகவே வளரும் என்று காட்டியிருக்கிறார்கள். அதன் வேர், ஃபர்ஸ்டன்பர்க் 1970-இல் முன்வைத்த ஓர் ஊகத்தில் இருக்கிறது. அதை ஷ்மெர்கின், வூ இருவரும் தனித்தனியே நிரூபித்து, இரண்டு கட்டுரைகளும் 2019-இல் வெளிவந்தன. அந்த நிரூபணங்கள் பின்னப் பரிமாணமும் இயங்கமைப்புகளும் கலந்தவை. அவற்றை வரி வரியாக விளக்கும் பயிற்சி எனக்கு இல்லை. முடிவின் எல்லையை மட்டும் சொல்கிறேன்: எண்கள் மிக மிக அரிது என்று அது உறுதியாகச் சொல்கிறது, இன்னும் ஒன்றே ஒன்று எங்கோ ஒளிந்திருப்பதை அது தடுக்கவில்லை. தடுக்கப்பட்டதாக யாராவது எழுதினால், அவர்கள் கணிப்பையும் தேற்றத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீங்களே நிரல் எழுதிப் பார்க்க விரும்பினால், எண்களைச் சோதிக்காதீர்கள், இடைவெளிகளைச் சோதியுங்கள். மேலே கையால் செய்ததையே பைத்தான் போன்ற, எண்ணின் அளவுக்கு வரம்பு வைக்காத மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். 6 அடிமானத்தையும் சேர்த்தால் இன்னொரு வசதி கிடைக்கிறது. 6-க்கு 3-உடனும் 4-உடனும் பொதுக்காரணி இருப்பதால் இங்கே வால் முனையும் பேசத் தொடங்குகிறது. 6 அடிமானத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் 10 அல்லது 11 என்றால், 9-ஆல் வகுத்த மீதி 6 அல்லது 7. அவை 3 அடிமானத்தில் 20, 21. இரண்டிலும் 2 வந்துவிட்டது. ஆகவே கடைசிக்கு முந்தைய இலக்கம் 0 ஆகத்தான் இருக்க முடியும். கடைசியிலிருந்து நான்காவது இலக்கம் 1 என்றால், மூன்றாவது 0 ஆக இருக்கும்போது 81-ஆல் வகுத்த மீதி 3 அடிமானத்திலும், 1 ஆக இருக்கும்போது 16-ஆல் வகுத்த மீதி 4 அடிமானத்திலும் உடைகின்றன; எனவே அதுவும் 0. உங்கள் அடுத்த எண் இருக்குமானால் அதை 1296-ஆல் வகுக்கும்போது மீதி 0, 1, 36, 37 ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும். அடுத்த சில இலக்கங்களுக்கும் இதே கணக்கை நீட்டி, எத்தனை வால்கள் மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.